ஆடியும் மார்கழியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் அடித்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள். இரண்டு, என் அக்கா.

''டேய், உன் மருமகனுக்குப் புத்தி கெட்டுப் போச்சுடா!''

அக்கா மகனுக்கு இருபத்து நாலு வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷமாக அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை. நல்ல பையன். இருபத்து நாலு வயதில் நல்ல பையன்களுக்குப் புத்தி கெட என்னென்ன வழி உண்டோ, வரிசையாகக் கேட்டேன்.

''பொண்ணா?''

''இல்லை.''

''ஷேர் மார்க்கெட்டா?''

''இல்லைடா.''

''ஆன்லைன்ல ரம்மி கிம்மி...''

''வாயை மூடு! வேலையை விடப் போறானாம். கீபோர்டு வாசிக்கப் போறானாம். முழு நேரமா!''

பெண் விவகாரமாக இருந்தாலாவது ஜாதகம் பார்க்கலாம். கீபோர்டுக்கு எந்தக் கட்டத்தைப் பார்ப்பது?

''நீதான் பேசணும். உன் பேச்சை அவன் கேட்பான்'' என்றாள் அக்கா. என் வீட்டில் என் பேச்சுக்கு இருக்கிற மரியாதை அவளுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தால் என் மனைவி மிக்ஸியைப் போடுவாள்.

இந்த வேலைக்கு அக்கா என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு தகுதிகள். முதலாவது, நான் பி.காம். எங்கள் குடும்பத்தில் பணம் சம்பந்தமான எந்தத் தகராறு என்றாலும் தீர்ப்பு என்னுடையது. இரண்டாவது தகுதியை அக்காவே சொன்னாள்:

''நீயும் ஒரு காலத்துல கிதாரைத் தூக்கிட்டு அலைஞ்சவன்தானே? இப்ப திருந்தி நல்லா இல்லையா?''

'திருந்தி' என்ற வார்த்தை எங்கேயோ சுருக்கென்று குத்தியது. காட்டிக்கொள்ளாமல், ''அனுப்பி வை'' என்றேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் என்ன மாதச் சம்பளக்காரனா? காலையில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் உங்களுக்கு இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். காலை எழுத்து சாப்பாடு போடுகிறது. சாயங்கால எழுத்து ஊறுகாய் வைக்கிறது. நிரந்தர வேலையின் மகிமையைப் பற்றி உபதேசம் பண்ண இப்படி ஓர் ஆளைப் பிடித்திருக்கிறாள் அக்கா!

* * *

வித்வான் பத்து மணிக்கு வந்து சேர்ந்தான். (இந்தக் கட்டுரை முழுக்க அவன் பெயர் வித்வான்தான். நிஜப் பெயரைப் போட்டால் அவன் ஆபீஸிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.)

வந்தவன் நேராகத் தன் செல்போனைக் காட்டினான். ராஜினாமாக் கடிதம். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ஆரம்பித்து நாலு வரி. இன்னும் அனுப்பவில்லை, டிராஃப்டில் இருக்கிறது.

''மாமா, ஒன்பது மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் வவுச்சர் போடறேன். ஆறு மணிக்கு மேலதான் உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு.''

பி.காம். படித்தவனிடம் இப்படிப் பேசினால் அவன் என்ன செய்வான்? நோட்டுப் புத்தகத்தை எடுப்பான். நடுவில் கோடு போடுவான். நானும் போட்டேன்.

''தையிலேருந்து ஆனி வரைக்கும் ஆறு மாசம். எத்தனை புரோகிராம் வாசிச்சே?''

''ஒன்பது. ஒண்ணுக்கு ரெண்டாயிரம்.''

''பதினெட்டாயிரம். கைக்கு வந்தது?''

வித்வான் விட்டத்தைப் பார்த்தான். ''பதினாலு. ரெண்டு புரோகிராமுக்கு, 'அடுத்த தடவை சேர்த்துத் தர்றேன் தம்பி'ன்னு சொல்லியிருக்காங்க.''

'வாராக்கடன்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

''செலவு?''

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. கண்டக்டர் அதற்கு ஒரு டிக்கெட் கேட்பார். கொடுத்தாலும் உட்கார வைக்க முடியாது. ஆகவே ஆட்டோ. போக வர ஐந்நூறு வீதம் 4,500 ரூபாய். காலில் மிதிக்கிற பெடல் ஒன்று பழுதாகி, புதுசு 1,800. ட்ரூப்பில் எல்லாரும் கறுப்புச் சட்டை போட வேண்டும் என்று திடீர் உத்தரவு வந்ததில் 1,200. ரிகர்சலுக்கு பெட்ரோல், டீ, சமோசா 1,500. ஆகக் கூடி 9,000.

''பதினாலில் ஒன்பது போக ஐயாயிரம். ஆறு மாசத்தால் வகுத்தா, மாசம் எண்ணூத்து முப்பத்து மூணு ரூபாய் முப்பத்து மூணு காசு. கீபோர்டு வாங்கின அறுபத்தஞ்சாயிரத்தையும் அதோட தேய்மானத்தையும் நான் கணக்குலயே சேர்க்கலை. சேர்த்தா நீ எனக்குப் பணம் தரணும்.''

அந்தப் பக்கம் இன்னொரு எண் இருந்தது. அதை எழுதாமலே இருவருக்கும் தெரியும். பெருங்களத்தூரில் இரண்டு படுக்கையறை வீடு; வித்வான் பெயரில் கடன்; மாதம் பதினாலாயிரம் தவணை. அத்தான் வேலை பார்த்த ஃபேக்டரியில் பென்ஷன் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் கிடையாது. அந்த வீட்டுக்குக் குடிபோன அன்றைக்குத்தான் என் அக்கா முதல் முதலாகச் சொந்தச் சுவரில் ஆணி அடித்தாள்.

வித்வான் நோட்டைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, நான் எதிர்பார்த்த ஆயுதத்தை எடுத்தான்.

''ரஹ்மான் இப்படிக் கணக்குப் பார்த்திருந்தா?''

* * *

இசைத் துறையில் நுழைய நினைக்கிற பையன்கள் எல்லாருமே கடைசியில் ரஹ்மானைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். கொஞ்சம் மூத்தவர்கள் இளையராஜாவை. அப்பாக்கள் எம்.எஸ்.வி.யை. பாவம், மூன்று பேருடைய கதையையும் முழுசாக யாரும் சொல்வதில்லை. கடைசி ரீலை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

எம்.எஸ்.விஸ்வநாதன் சினிமாக் கம்பெனிக்குள் ஆர்மோனியத்தோடு நுழையவில்லை. ஜூபிடர் கம்பெனியில் எடுபிடிப் பையனாக நுழைந்தார். இசையமைப்பாளர் என்று பெயர் வந்த 'ஜெனோவா' 1953-ல்.

இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி நேராக 'அன்னக்கிளி'க்கு வந்துவிடவில்லை. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராக, மேடை மேடையாகப் பல வருஷம். பிறகு சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர், மற்றவர்கள் இசையில் கிதார் வாசிப்பு. 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976-ல். அப்போது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது.

ரஹ்மான்? அதே 1976-ல் அவருக்கு ஒன்பது வயதில் அப்பா ஆர்.கே.சேகர் காலமானார். அப்பா வைத்துவிட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பதினோரு வயதில் மற்றவர்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போய்விட்டார். அப்புறம் விளம்பரங்களுக்கு இசை. 'ரோஜா' வந்தது 1992-ல். பதினோரு வயதிலிருந்து இருபத்தைந்து வரை, அதாவது பதினாலு வருஷம், அடுத்தவர் இசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்!

இதையெல்லாம் வித்வானை அடக்குவதற்காகத்தான் ஆவேசமாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன் முகம் பிரகாசமாகிவிட்டது.

''அதைத்தான் மாமா நானும் சொல்றேன். நான் இப்ப அடுத்தவங்க பாட்டுக்குப் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்? சரியான இடத்துலதான் இருக்கேன்!''

'ஙே' என்று விழித்தேன். உள்ளே என் மனைவி மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சிரிப்பது கேட்டது.

''நாளன்னைக்கு ஆனி மாசத்தோட கடைசி முகூர்த்தம். குரோம்பேட்டையில ஒரு ரிசப்ஷன். ஒரே ஒரு தடவை வந்து பாருங்க மாமா. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னீங்கன்னா டிராஃப்டை அழிச்சிடறேன்.''

நல்ல ஒப்பந்தமாகப் பட்டது. ஒப்புக்கொண்டேன். ஸ்டாண்டை நான்தான் தூக்க வேண்டும் என்பதை அவன் அப்போது சொல்லவில்லை.

* * *

ரிசப்ஷன் கச்சேரியை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியில். பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஏழு மணிக் கச்சேரிக்கு வித்வான் நாலரைக்கே போய்ச் சேர்ந்தான். ஒயர்களைப் பிரித்தான். ஒரு ஒயர் போனால் இருக்கட்டும் என்று இன்னொன்று. அதுவும் போனால் இருக்கட்டும் என்று மூன்றாவது. பல் டாக்டர் போலக் கருவிகளை வரிசையாக அடுக்கிவைத்தான். அவன் வீட்டில் சட்டையை எங்கே கழற்றிப் போடுகிறான் என்று எனக்குத் தெரியும். இவன் வேறு ஆள்.

மேடையில் மொத்தம் ஏழு பேர். ''முன்னெல்லாம் எங்க ட்ரூப்பே இருபது பேர் ஸார். வயலினே நாலு'' என்றார் ட்ரூப் லீடர். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டைப் பையில் பாட்டு லிஸ்ட், காதில் பென்சில். ''இப்ப அந்த வயலின், புல்லாங்குழல் எல்லாம் உங்க மருமகப்பிள்ளையோட பத்து விரல்ல இருக்கு. கிடைக்கிற பட்ஜெட்டுக்கு அதான் முடியும். அதையும் விட்டா லேப்டாப்புல டிராக்கைப் போட்டுட்டு ஒரே ஆள் பாடிட்டுப் போயிடுவான்.''

கச்சேரி களைகட்டியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் குத்துப் பாட்டு கேட்டார்கள். பெண்ணின் தாத்தா சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். ஒரு குழந்தை மேடையேறி மைக்கைக் கடித்தது. எட்டரை மணி சுமாருக்கு, மாப்பிள்ளையின் பெரியப்பா, டி.எம்.எஸ். பாட்டு ஒன்று பாடியே தீருவேன் என்று வேஷ்டியை இறுக்கிக்கொண்டு வந்தார்.

டி.எம்.எஸ். பாடிய உயரத்தில் பெரியப்பாக்களால் பாட முடியாது. அது இயற்கையின் சட்டம். லீடர் திரும்பி, ''ஒரு கட்டை இறக்கு'' என்றார்.

விறகுக் கடை சமாசாரம் இல்லை, சுருதிக் கணக்கு. வெள்ளைக்காரர்கள் 'சி' என்று சொல்வதை நாம் ஒரு கட்டை என்கிறோம். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள்; பெண்கள் ஐந்து, ஐந்தரை என்று போவார்கள். பாடகருக்குத் தொண்டை எட்டவில்லை என்றால் மேடையில் இருக்கிற எல்லாரும் அந்த நிமிஷத்தில் சுருதியை மாற்றி வாசித்தாக வேண்டும். கீபோர்டில் மட்டும் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு பட்டனை அமுக்கினால் போதும். கை பழைய இடத்திலேயே வாசிக்கலாம். மெஷினே இறக்கித் தந்துவிடும்.

வித்வான் அமுக்கினான். பெரியப்பா பாடினார். பெரியம்மா கண் கலங்கினார். எதனால் என்று தெரியவில்லை.

அடுத்தது ஒரு டூயட். ஆரம்ப இசை கீபோர்டில்தான். வித்வான் ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் பேஸ் கிதார் வந்து சேர்ந்தது பாருங்கள்... பாயசத்தில் ரசத்தை ஊற்றின மாதிரி ஆகிவிட்டது! இறக்கின பட்டனை மறுபடி ஏற்ற மறந்துபோயிருக்கிறான். கீபோர்டு ஒரு சுருதி, மற்ற எல்லாரும் வேறு சுருதி. பாடுகிற பெண் மைக்கை வாய் வரை கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டாள்.

சங்கீதம் தெரியாத பந்தி பரிமாறுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. இந்தப் பையனைத் தோற்கடிக்கத்தான் வந்திருக்கிறேன். ஆனால் இப்படித் தோற்கக் கூடாது என்று அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டேன்.

வித்வான் என்ன செய்தான் தெரியுமா? யாரையும் முறைக்கவில்லை. ஒயரை ஆட்டிப் பார்க்கிற பாவனை பண்ணவில்லை. கையைச் சட்டென்று எடுத்துவிட்டு, தபேலாக்காரரைப் பார்த்து 'நீங்க ஓட்டுங்க' என்று தலையை ஆட்டினான். அவர் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். நாலு சுற்றுக்குள் பட்டனைச் சரி செய்து, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். ஹாலில் பாதிப் பேர் அதுதான் பாட்டின் ஆரம்பம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

* * *

பத்தரை மணிக்குக் கடைசிப் பந்தி. கச்சேரிக்காரர்களுக்கு இலை போடுகிற நேரத்தில் ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டிருக்கும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. சாம்பாரில் முருங்கைக்காய் இருந்த தடயம் மட்டும் இருந்தது.

உட்காரும் முன்னால் வித்வான் நேராக லீடரிடம் போய், ''அண்ணே, என் தப்பு. டிரான்ஸ்போஸை எடுக்க மறந்துட்டேன்'' என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டு இலையில் தண்ணீர் தெளித்தார். அவ்வளவுதான்.

நான் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டேன். ''உண்மையைச் சொல்லுங்க. பையன் தேறுவானா?''

''நல்லா வாசிக்கிற பசங்க நிறையப் பேர் இருக்காங்க ஸார். நான் வேற மூணு விஷயம் பார்ப்பேன். சொன்ன நேரத்துக்கு வர்றானா? பாடறவங்களுக்கு இடம் விட்டு வாசிக்கிறானா? தப்பு வந்தா ஒத்துக்கிறானா? கரன்ட் மேல பழி போடற பசங்களை ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டேன். இவனை அடுத்த வாரமும் கூப்பிடுவேன்.''

''அப்ப, வேலையை விட்டுட்டு...''

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார்.

''நான் முப்பத்து மூணு வருஷம் அரசாங்க ஆபீஸ்ல கிளார்க் ஸார். வேலை பார்த்துக்கிட்டேதான் ட்ரூப் நடத்தினேன். ரெண்டு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பண்ணினேன். ஒரு நாள், தொண்ணூத்தி நாலுன்னு நினைக்கிறேன், காலையில ரிக்கார்டிங்குக்கு வரச் சொல்லி ஸ்டுடியோவிலேருந்து ஆள் வந்துச்சு. நான் அக்கார்டியன் நல்லா வாசிப்பேன். அன்னிக்கு மார்ச் முப்பத்தொண்ணு. ஆபீஸ்ல வருஷக் கடைசிக் கணக்கு. லீவு தரலை. மறுநாள் வர்றேன்னு சொல்லி அனுப்பினேன். மறுநாள் வேற ஆள் வாசிச்சிட்டிருந்தார். அதுக்கப்புறம் யாரும் வரலை.''

கொஞ்சம் நிறுத்தி, ''போயிருந்தா பெரிய ஆளாயிருப்பேன்னு சொல்லலை. தெரியாம போச்சு. அவ்வளவுதான்'' என்றார்.

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே நான் என் நோட்டுப் புத்தகக் கணக்கை எடுத்து விட்டேன். தை முதல் ஆனி வரை ஒன்பது கச்சேரி, மாதம் எண்ணூற்று முப்பத்து மூன்று ரூபாய், முப்பத்து மூன்று காசு.

லீடர் சிரித்தார். ''பி.காம்.னு சொன்னீங்க?''

''ஆமாம்.''

''தையிலேருந்து ஆனி வரைக்கும் ஆறு மாசமும் முகூர்த்த மாசம் ஸார்! அதுதான் எங்களுக்கு அறுவடை. நீங்க அறுப்பு நாளை மட்டும் கணக்கெடுத்துட்டு வருஷத்துக்குச் சராசரி போடறீங்க. நாளைக்கழிச்சு ஆடி பொறக்குது. கல்யாணம் கிடையாது. இந்த எண்ணூத்து முப்பத்து மூணும் கிடையாது.''

கணக்கு வாத்தியார் காதைத் திருகின மாதிரி இருந்தது. சீஸனல் பிசினஸுக்குப் பன்னிரண்டு மாதக் கணக்கு வேண்டும் என்று நான் கடைக்காரர்களுக்குப் பாடம் சொல்கிறவன்!

''ஆனா ஆடியில பட்டினின்னும் அர்த்தம் இல்லை'' என்றார் அவர். ''கல்யாணம் இல்லேன்னா அம்மன் கோயில் இருக்கு. கூழ் ஊத்தற இடமெல்லாம் கச்சேரி. எல்.ஆர்.ஈஸ்வரி பாடின அம்மன் பாட்டு இருபது தெரிஞ்சிருக்கணும். கீபோர்டுல உடுக்கை பேசணும். மார்கழியிலயும் கல்யாணம் இல்லை. ஆனா சர்ச்சுல கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ரிகர்சல் நடக்கும். நொட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரிஞ்சவன் வேணும்பாங்க. இவன் டிரினிட்டியில அஞ்சாவது கிரேடு முடிச்சிருக்கான். எட்டு வரைக்கும் முடிச்சான்னா வீட்டுலயே நாலு குழந்தைங்களுக்குச் சொல்லித் தரலாம். பாட்டுக்கு டிராக் பண்ணிக் கொடுக்கக் கத்துக்கிட்டா, டான்ஸ் ஸ்கூல்காரங்க தேடி வருவாங்க. கல்யாணத்தை மட்டும் நம்பறவனுக்கு ஆடி மாசம் எமன். நாலு வாசல் வச்சிருக்கிறவனுக்கு அதுவும் ஒரு மாசம்.''

பாயசம் வந்தது. அவர் கையைக் குறுக்கே காட்டி வேண்டாம் என்றார். சர்க்கரையாம்.

''ஒரு ஆடி, ஒரு மார்கழி. ரெண்டையும் வேலையில இருந்துக்கிட்டே தாண்டச் சொல்லுங்க. தாண்டினப்புறமும் ஆசை இருந்தா, அப்ப யாரும் தடுக்காதீங்க. மார்ச் முப்பத்தொண்ணு வந்தா லீவு போடச் சொல்லுங்க.''

* * *

திரும்பும்போது ஆட்டோவில் எனக்கும் வித்வானுக்கும் நடுவில் கீபோர்டு. அதன் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டு வந்தோம்.

நாங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இதுதான். வேலையை விட நினைக்கிற மற்ற வித்வான்களுக்கும் உபயோகப்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று: ராஜினாமா டிராஃப்டிலேயே இருக்கட்டும், அழிக்க வேண்டாம். ஆடியும் மார்கழியும் சேர்ந்த முழு ஒரு வருஷத்துக்கு வரவு செலவு எழுத வேண்டும். கைக்கு வந்தால்தான் வரவு. 'தர்றேன்' என்றது வரவு இல்லை.

இரண்டு: அந்த ஒரு வருஷக் கணக்கில் செலவு போக நிற்கிற சராசரி, வீட்டுத் தவணையைத் தொட வேண்டும். அதோடு ஆறு மாதத் தவணை, எண்பத்து நாலாயிரம், தனியாக பாங்கில் இருக்க வேண்டும். அக்கா அடித்த ஆணி ஆடக் கூடாது.

மூன்று: வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் காஷுவல் லீவை ஜுரத்துக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் செலவழிக்காமல், கூப்பிடுகிற ஸ்டுடியோவுக்காகச் சேர்த்துவைக்க வேண்டும்.

நாலாவது ஷரத்து நான் கேட்டு அதிர்ந்துபோனதால் சேர்த்தது. நண்பனின் நண்பன் ஒருவன் எடுத்த குறும்படத்துக்கு இவன் ஒரு டியூன் போட்டுக் கொடுத்திருக்கிறான். கூலி, இரண்டு பரோட்டா. பேப்பரில் ஒரு வரி கிடையாது.

''பரோட்டாவுக்கு சால்னாவாவது தனியா கேட்டியா?'' என்று கத்தினேன். ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

தம்பிகளே, டியூன் என்பது வீட்டு மனை மாதிரி. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி ஒரு நல்ல காரியம் பண்ணினார்கள். படத்துக்கு இசையமைத்தவர், பாட்டு எழுதியவர் இருவருக்கும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற உபயோகங்களில் வருகிற ராயல்டியில் பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோதான் தரலாம். அப்படி வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-லிருந்தே இருக்கிறது. ஆனால் டியூன் உன்னுடையதுதான் என்பதற்கு முதலில் ஒரு காகிதம் வேண்டாமா? தேதி, பெயர், எதற்காகக் கொடுத்தது, எவ்வளவு என்று நாலு வரி. பரோட்டா சாப்பிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பல்லாவரம் தாண்டும்போது வித்வான் கேட்டான்: ''நீங்க ஏன் மாமா கிதாரை விட்டீங்க?''

''விட்டேன். அவ்வளவுதான்.''

''யாராவது விடச் சொன்னாங்களா?''

யாரும் சொல்லவில்லை, அதுதான் விஷயம். முதல் வேலை கிடைத்த வாரம், ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல ஷூ இல்லை. மவுன்ட் ரோடில் 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூஸிகல் கடையில், கல்லூரியில் படிக்கும்போது டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ஆசை ஆசையாக வாங்கின கிதார். பக்கத்துத் தெருப் பையனிடம் பாதி விலைக்குக் கொடுத்தேன். ஷூ வாங்கினேன். 'ஆறு மாசம் கழிச்சு வேற வாங்கிக்கலாம்' என்று நினைத்தேன். பதினாலு வருஷமாக அந்த ஆறு மாதம் முடியவில்லை. யாரும் தடுக்கவில்லை; கணக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால், வேலையோடு சேர்த்தே அதையும் வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அந்தக் கணக்கே எனக்குச் சொல்லியிருக்கும்.

இதில் பாதியை வித்வானிடம் சொன்னேன். மீதியை உங்களிடம்தான் சொல்கிறேன்.

* * *

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன்.

''பேசினியா?''

''பேசினேன்க்கா.''

''கேட்டானா?''

''வேலையை விடலை.''

''அப்பாடா! கீபோர்டை விட்டுட்டானா?''

''அதையும் விடலை.''

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, ''நேத்து நல்லா வாசிச்சானாடா?'' என்றாள். பெற்ற பிள்ளை ஒன்பது கச்சேரி வாசித்த பிறகு, அவள் அந்தக் கேள்வியைக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

''ஒரு இடத்துல தப்பு பண்ணினான்க்கா. அதைத் திருத்தினதுதான் நல்லா இருந்தது.''

இப்போது ஆடி மூன்றாவது வாரம். வித்வானுக்கு இரண்டு அம்மன் கோயில் கச்சேரிகள் வந்திருக்கின்றன. ஒன்று வெள்ளிக்கிழமை, வண்ணாரப்பேட்டை பக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு நான் சட்டையை மாட்டிக்கொள்வதைப் பார்த்து, ''எங்கே?'' என்றாள் மனைவி.

''ஸ்டாண்டு தூக்க.''

நேற்று வித்வானின் நோட்டுப் புத்தகத்தை வாங்கித் தணிக்கை செய்தேன். கோடு நேராகப் போட்டிருக்கிறான். வரவுப் பக்கத்தில் பழைய பாக்கி இரண்டாயிரம் வசூல். செலவுப் பக்கத்தில் கடைசி வரி:

'தூக்குக் கூலி (மாமா) - ஒரு காபி, ஒரு மெதுவடை - ரூ. 45.'

கையெழுத்துப் போட்டுப் பாஸ் பண்ணிவிட்டேன்.